ஒல்லாந்துக் கிராமத் தேவாலயம் ஒன்றின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? சுவரில் ஒரு வருடம் இருக்கிறது, ஊரார் வேறு சொல்கிறார்கள்

உவர்மலைக்காரி (திருகோணமலை):

எல்லாருக்கும் வணக்கம். பழைய கட்டடம் பற்றிக் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள் இங்கே இருப்பதால் இந்தக் கேள்வியைப் போடுகிறேன். என் அக்கா கலியாணம் முடித்துப் போன இடம் நெதர்லாந்தின் வட கோடி, குரோனிங்கன் மாகாணத்தில் ஒரு சின்னக் கிராமம். வீட்டு யன்னலைத் திறந்தால் ஊர்த் தேவாலயம் தெரிகிறது என்று படம் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கேள்விகள்தான் கூடுகின்றன.

கட்டடம் ஊர் நடுவில், சுற்றியிருக்கும் வயலைவிட உயர்ந்த ஒரு மண்மேட்டில் நிற்கிறது. முழுக்கச் செங்கல். கோபுரம் தேவாலயத்தோடு ஒட்டவில்லை, சில அடி தள்ளித் தனியாக நிற்கிறது, அதன் உச்சி ஊசி மாதிரிக் கூராக இல்லாமல் வீட்டுக் கூரை போல இரண்டு பக்கம் சரிந்து முடிகிறது. தேவாலயத்தின் தெற்குச் சுவரில் கூர்வளைவு வைத்த பெரிய யன்னல்கள், வடக்குச் சுவரில் அரைவட்ட வளைவோடு சின்னச் சின்ன யன்னல்கள், அதுவும் பாதிக்கு மேல் செங்கல் வைத்து அடைத்தவை. வடக்கில் ஒரு கதவும் அப்படித்தான் அடைபட்டுக் கிடக்கிறது, குனிந்தால்தான் போகலாம் போல அவ்வளவு பதிவு. கிழக்குச் சுவரில் இரும்பால் செய்த பெரிய இலக்கங்கள் இருக்கின்றன. 1, 7 வரை தெளிவாகத் தெரிகிறது, மற்ற இரண்டையும் மரக்கிளை மறைக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு முதியவர் இது 13-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் என்று அக்காவிடம் அடித்துச் சொல்கிறாராம். இதில் எதை நம்புவது?

உள்ளே வெள்ளைச் சுவர். பலிபீடம் இல்லை, ஒரு சிலை இல்லை. பிரசங்க மேடை நீளச் சுவரின் நடுவில், எல்லா வாங்குகளும் அதைப் பார்த்து. தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். மேலே வளைகூரையில் ஒரு மூலையில் மட்டும் வெள்ளை உரிந்து சிவப்பில் ஏதோ ஓவியத் துண்டு. ஒரு யன்னலுக்கு மேலே சரிவாக ஒரு வெடிப்பும், அதன்மேல் ஒட்டிய சின்ன அளவுத் தகடும் இருக்கின்றன.

நான் ஏன் இவ்வளவு மினக்கெடுகிறேன் என்றால், பிரெட்ரிக் கோட்டை வாசலால் போய்வந்து வளர்ந்தவள் நான். எங்களுக்கு ஒல்லாந்தர் என்றால் கோட்டை, பீரங்கி, கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையில் 1687 என்று போட்ட அந்தத் தூண், அவ்வளவுதான். அந்த மனிதர்கள் தங்கள் ஊரில் எப்படியான இடத்தில் கும்பிட்டார்கள் என்று யோசித்ததே இல்லை. காலியிலும் கொழும்பிலும் அவர்கள் கட்டிய தேவாலயங்களைப் பார்த்திருக்கிறேன், அவற்றுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. அது ஏன் என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய ஓவசியர் (மட்டிக்களி):

பிள்ளை, முதலில் அந்த இரும்பு இலக்கத்தைப் பார்ப்போம், ஆட்கள் பெரும்பாலும் வழுக்குவது அங்கேதான். அது அழகுக்கு அடித்த தகடு இல்லை. உள்ளே மர உத்தரத்தில் ஒரு இரும்புப் பட்டையை ஆணி அடித்து இறுக்கி, அதன் நுனியைச் சுவருக்குள்ளால் வெளியே எடுத்து, அந்த நுனியின் கண்ணில் குறுக்காக ஒரு இரும்பைச் செருகுவார்கள். சுவர் வெளியே சாயப் பார்த்தால் குறுக்கு இரும்பு இழுத்துப் பிடிக்கும். கொல்லன் கெட்டிக்காரனாக இருந்தால் அந்தக் குறுக்கு இரும்பையே இலக்க வடிவில் அடித்து, வேலை நடந்த வருடத்தைச் சுவரிலே விட்டுவிட்டுப் போவான். ஆகவே 17 என்று தொடங்கும் வருடத்தில் அந்தக் கிழக்குச் சுவரில் பெரிய திருத்த வேலை ஒன்று நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சுவர் அதற்கு முன்பே நின்று, சாயவும் தொடங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு எதற்கு? முதியவர் சொன்னதை இது பொய்யாக்காது.

வயது பார்க்கச் செங்கலை அளக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து 13-ஆம் நூற்றாண்டுச் செங்கல் பெரியது, ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளம், 15 அகலம், 8 அல்லது 9 உயரம். நாங்கள் இன்றைக்கு லொறியில் இறக்கும் கல்லைவிட நன்றாகப் பெரிது, ஒரு கையால் தூக்கி வைத்துக் கட்ட மேசனுக்கு மணிக்கட்டு விட்டுப்போகும். காலம் போகப் போகக் கல் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரே ஒரு கல்லை அளந்தால் ஏமாற்றும், சூளையில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவாகச் சுருங்கியிருக்கும். அதனால் பத்து வரியைச் சாந்தோடு சேர்த்துக் கீழிருந்து மேலாக அளக்க வேண்டும். பத்து வரி கிட்டத்தட்ட ஒரு மீற்றர் வந்தால் பழைய சுவர். அறுபது, அறுபத்தைந்து சென்ரிமீற்றர் என்று வந்தால் அந்தப் பகுதி பல நூற்றாண்டு பிந்தியது. கீழே ஒரு இடம், கூரைக்குக் கிட்ட ஒரு இடம், அடைத்த யன்னலுக்குள் ஒரு இடம் என்று தனித்தனியாக அளந்தால் எது எப்போது கட்டியது என்று சுவரே சொல்லும். பழைய கல்லைக் கழற்றித் திரும்பவும் பாவிக்கிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுவர் ஒரு மீற்றர் தடிப்பு இருந்தாலும் முழுக்கச் செங்கல் என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஒரு தோல், வெளியே ஒரு தோல், நடுவில் உடைந்த கல்லும் சாந்தும் கொட்டி நிரப்பியது. நல்ல முறைதான், ஆனால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் நடுவில் இருப்பது இளகி, இரண்டு தோலும் விலகி, வெளித்தோல் வயிறு தள்ளும். இரும்பு போட்டு இழுத்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சாந்து எங்களுக்குத் தெரிந்த சாந்துதான். அந்தக் கடற்கரைக்காரர் சிப்பியைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள், நாங்கள் முருகைக்கல்லையும் சிப்பியையும் சுட்டோம். அக்காவிடம் சொல்லுங்கள், சாந்து உதிர்ந்த இடத்தில் கிட்டப்போய்ப் பார்த்தால் சரியாக வேகாத சிப்பித் துண்டு வெள்ளையாக ஒன்றிரண்டு தெரியும். விரலால் தடவினால் கூராகக் கையில் படும். நான் வேலை பழகிய காலத்தில் இங்கே பழைய சுவர்களில் அதைத்தான் முதலில் தேடச் சொல்வார்கள்.

கல்லைத் திரும்பவும் பாவிப்பது என்றதும் எங்கள் கோட்டை வாசல் நினைவுக்கு வராமல் இருக்காது. மீன் பொறித்த கல் அங்கே எப்படி வந்தது என்று ஊரில் தெரியாதவர் இல்லை. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் இடித்துக் கோட்டைக்குக் கல் எடுத்தார்கள். அங்கே ஒரு ஊர் தன் பழைய தேவாலயத்தின் கல்லைத் தன் புதிய தேவாலயத்தில் வைத்துக் கட்டியது. இரண்டையும் கல் பாவித்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது.


வடகடல் (நெதர்லாந்து):

உப்புவெளியில் பிறந்து இப்போது குரோனிங்கன் நகரத்தில் இருக்கிறேன். சனி ஞாயிறு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாக இந்தத் தேவாலயங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. ஓவசியர் ஐயா செங்கலைப் பற்றிச் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவற்றுக்கு வருகிறேன், கொஞ்சம் நீளும்.

மண்மேடு இயற்கை மேடு அல்ல, மனிதர் கட்டியது. இந்தக் கரையில் ஏறத்தாழ கி.மு. 500-இலிருந்து ஆட்கள் உப்புச் சதுப்பில் குடியிருந்தார்கள். அணைக்கட்டுகள் வந்தது கி.பி. 1000-க்குப் பிறகுதான். அதுவரைக்கும் கடல் பொங்கினால் போக இடமில்லை, அதனால் களிமண், சாணம், குப்பை எல்லாம் கொட்டித் தலைமுறை தலைமுறையாக மேட்டை உயர்த்தினார்கள். பிறகு கிறிஸ்தவம் வந்தபோது மேட்டின் நல்ல இடம் தேவாலயத்துக்குப் போனது. பக்கத்து ஃப்ரீஸ்லாந்தில் ஹேகபைன்டும் என்ற ஊரில் இருப்பதுதான் நாட்டிலேயே உயர்ந்தது, கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 9 மீற்றர். 19-ஆம் நூற்றாண்டில் இந்த மேட்டு மண் நல்ல பசளை என்று கண்டுபிடித்து வெட்டி வெட்டி வள்ளத்தில் ஏற்றி விற்றார்கள், அதனால் பல ஊர்களில் தேவாலயமும் கல்லறைகளும் இருக்கிற துண்டு மட்டும் மிஞ்சி, ஓரம் செங்குத்தாக நிற்கிறது. அக்காவின் ஊரிலும் மேட்டின் ஒரு பக்கம் திடீரென்று இறங்கினால் இதுதான் காரணம். 1717 நத்தார் இரவு கடல் அணையை உடைத்து உள்ளே வந்தது, வடகடல் கரை முழுவதும் ஏறத்தாழ 14,000 பேர் செத்தார்கள். மேட்டில் ஏறியவர்கள் தப்பினார்கள். 2004 மார்கழியில் எங்கள் கரையில் நின்றவர்களுக்கு அந்த மேட்டின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை.

செங்கலுக்கு முன்பு இங்கே மரத்தில் கட்டினார்கள். பிறகு 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் வசதியான ஊர்கள் ஜேர்மனியின் ஐஃபெல் மலைப்பக்கத்திலிருந்து எரிமலைச் சாம்பல் இறுகிய கல்லை ரைன் ஆற்று வழியாகத் தருவித்தன. இந்த மாகாணத்தில் கட்டடத்துக்கு உதவும் கல்மலை கிடையாது, களிமண் மட்டும் வேண்டிய அளவு. அப்படியிருக்க 12-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செங்கல் சுடும் கலை வந்து சேர்ந்தது, அதில் துறவி மடங்களுக்குப் பெரிய பங்கு என்று சொல்வார்கள். 1192-இல் தொடங்கிய ஆடுவார்ட் மடம் அப்படியான ஒன்று. அடுத்த நூறு, நூற்றைம்பது வருடத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு கிராமமும் செங்கலில் கட்டிவிட்டது. அடிச்சுவரில் மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தில், தொட்டால் பொருபொருவென்று ஓட்டையோடு ஒரு கல்வரி இருந்தால், அது பழைய கல்தேவாலயத்திலிருந்து எடுத்து வைத்தது.

தனியாக நிற்கும் கோபுரத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். இது களிமண் தரை, பாரமான கோபுரம் ஒரு வேகத்தில் இறங்கும், இலேசான தேவாலயம் இன்னொரு வேகத்தில் இறங்கும், ஒட்டிக் கட்டினால் இடையில் கிழியும். அதனால் ஸேரைப் என்ற கிராமத்தைப் போன்ற ஊர்களில் கோபுரத்தைத் தொடக்கத்திலேயே தள்ளிக் கட்டினார்கள். இறங்கினால் என்ன நடக்கும் என்று பார்க்க விரும்பினால் பெடும் என்ற ஊருக்கு வாருங்கள், அங்கே 36 மீற்றர்கூட இல்லாத கோபுரம் இரண்டரை மீற்றருக்கு மேல் சாய்ந்து நிற்கிறது. இரண்டாவது காரணம் முற்றிலும் வேறு. கார்மர்வோல்டவில் 13-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் மேற்குப் பகுதி பாழடைந்து போனதால் 1859-இல் அதை இடித்துவிட்டார்கள், கோபுரம் ஒரு பக்கம், மிச்சத் தேவாலயம் ஒரு பக்கம் என்று நிற்கிறது, நடுவில் புல். அக்காவின் ஊரில் எது நடந்தது என்று அறிய, கோபுரத்தின் கிழக்கு முகத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே கூரை முட்டிய சரிவுத் தழும்போ, உயரத்தில் எங்கும் போகாத ஒரு வாசலோ இருந்தால் ஒரு காலத்தில் இரண்டும் ஒட்டியிருந்தன.

யன்னல்களுக்கு வருவோம். வடக்கில் அடைபட்டிருக்கும் சின்ன அரைவட்ட யன்னல்கள்தான் மூத்தவை, முதல் கட்டடத்தோடு வந்தவை. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் வெளிச்சம் வேண்டும், கூர்வளைவு வைக்கும் கோதிக் பாணியும் பரவிவிட்டது, அதனால் வெயில் வரும் தெற்குச் சுவரை உடைத்துப் பெரிய கூர்வளைவு யன்னல்களை வைத்தார்கள். வடக்கில் குளிர்காற்றுத்தான் வரும் என்று அதை அடைத்துவிட்டார்கள். இந்தக் காரணத்தால் இங்கே பல தேவாலயங்களுக்குத் தெற்கு முகம் ஒரு வயது, வடக்கு முகம் வேறு வயது. நான் எப்போதும் வடக்குப் பக்கத்தைத்தான் முதலில் சுற்றிப் பார்ப்பேன், ஆட்கள் அதிகம் கைவைக்காத பக்கம் அது.

வளைகூரை கிண்ணம் கவிழ்த்தது போலக் குவிந்து, நடுவிலிருந்து வட்ட விலாக்கள் இறங்கினால் அது இந்த மாகாணத்திலும் அடுத்திருக்கும் ஜேர்மன் கரையிலும் அதிகம் காணும் 13-ஆம் நூற்றாண்டுப் பாணி. பிரான்சில் கோதிக் பரவிய காலத்தில் இங்கேயிருந்த மேசன்மார் பழைய அரைவட்டப் பாணியையும் விடாமல், புதியதையும் தங்கள் செங்கலுக்கு ஏற்றபடி எடுத்துத் தாங்களாக ஒன்றை உண்டாக்கினார்கள். வெளிச்சுவரில் ஆழமில்லாத மாடங்கள், அவற்றுக்குள் மீன்முள் மாதிரிச் சரித்து அடுக்கிய செங்கல், வட்டங்கள், எல்லாம் கல் செதுக்காமல் செங்கலை வைக்கும் விதத்தாலேயே வந்த அழகு. இதைவிட எனக்குப் பிடித்த செங்கல் வேலை வேறெங்கும் இல்லை.

அந்தப் பதிவான வடக்குக் கதவுக்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள். வடக்கிலிருந்து வந்த வைகிங் கொள்ளையர், வெளியே வருகிறவன் தங்கள் திசையைப் பார்த்துக் குனிந்து வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்களாம். கதை நல்லது, காலம் பொருந்தவில்லை. கொள்ளையர் காலம் 9-ஆம் நூற்றாண்டு, செங்கல் சுவர் 13-ஆம் நூற்றாண்டு. நூற்றாண்டுக் கணக்காகச் சுற்றிவரப் பிணம் அடக்கி அடக்கித் தரை உயர்ந்தது, கதவு நின்ற இடத்திலேயே நின்றது.


உவர்மலைக்காரி:

வாசித்து முடிக்க முதலே அக்காவுக்கு அனுப்பிவிட்டேன், அவரும் அத்தானும் அடுத்த நாளே அளவு நாடாவோடு போய்விட்டார்கள். கீழ்ச்சுவரில் ஒரு கல் 31 சென்ரிமீற்றர் நீளம், பத்து வரி 98. கூரைக்குக் கிட்ட ஏணி வைத்து ஏற யாரும் விடவில்லை, ஆனால் வடக்குப் பக்கம் மேல் ஒரு மீற்றருக்கு வேறு நிறத்தில் சின்னக் கல்லாக இருப்பது கீழே நின்றே தெரிகிறது, சுவரைப் பிறகு உயர்த்தியிருக்கிறார்கள் போல. அடித்தளத்துக்கு மேலே இரண்டு வரி அந்த ஓட்டைக் கல் இருக்கிறது. கோபுரத்தின் கிழக்கு முகத்தில் சரிவுத் தழும்பு தெளிவாக இருக்கிறது, அதற்குக் கீழே செங்கல் வைத்து மூடிய வாசலும் உண்டு, எனவே இடையில் இருந்த பகுதி இடிந்ததுதான். சாந்தில் சிப்பித் துண்டும் கண்டுபிடித்துவிட்டார், ஓவசியர் ஐயாவுக்குச் சொல்லச் சொன்னார்.

உள்பக்கத்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. அந்த வெறும் வெள்ளைக்கும், எங்கள் காலி, கொழும்புத் தேவாலயங்கள் வேறு மாதிரி இருப்பதற்கும் காரணம் தெரிந்தவர் இருந்தால் எழுதுங்கள்.


கோட்டை வாசல் (திருகோணமலை):

அக்கா, நான் கட்டடக்கலை படித்தவன், ஒல்லாந்தர் காலக் கட்டடங்களில் தனி விருப்பம். உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது.

அந்தத் தேவாலயத்தைக் கட்டியவர்கள் கத்தோலிக்கர். கிழக்கு முனையில் பலிபீடம், சுவரிலும் வளைகூரையிலும் புனிதர்களின் ஓவியம், சிலைகள், மெழுகுதிரி என்றுதான் முதல் முந்நூறு வருடத்துக்கு மேல் அது இருந்தது. 1594-இல் குரோனிங்கன் நகரம் ஒல்லாந்துக் குடியரசின் பக்கம் விழுந்தபோது மாகாணத்துத் தேவாலயங்கள் எல்லாம் சீர்திருத்தச் சபையின் (புரட்டஸ்தாந்துக்காரரின்) கைக்குப் போயின. பலிபீடத்தை அகற்றினார்கள், சிலைகளை எடுத்தார்கள், ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். அவர்களுக்கு வேதத்தை வாசித்து விளக்குவதுதான் வழிபாட்டின் நடு, அதனால் எல்லாருக்கும் குரல் கேட்கிற இடத்தில், நீளச் சுவரின் நடுவில் பிரசங்க மேடை வந்தது, வாங்குகள் கிழக்கை விட்டுத் திரும்பின. கிழக்குப் பார்த்துக் கட்டிய ஒரு கட்டடத்துக்குள் ஆட்கள் பக்கவாட்டில் இருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது ஏதோ பொருந்தாதது போலத் தெரிவது இதனால்தான்.

சுண்ணாம்பு அடித்தது ஓவியத்துக்கு நல்லதாய்ப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். 20-ஆம் நூற்றாண்டுத் திருத்த வேலைகளில் அந்தப் பூச்சைச் சுரண்டியபோது உள்ளேயிருந்து நிறம் கெடாமல் வந்தவை ஏராளம். ஸேரைப்பில் வளைகூரை முழுக்கச் செங்கல் வரி மாதிரியே வரைந்த கோலங்கள் இருக்கின்றன. உங்கள் அக்காவின் படத்தில் இருக்கும் சிவப்புத் துண்டும் அப்படி வெளியே வரக் காத்திருக்கும் ஒன்றாக இருக்கலாம், யாரும் நகத்தால் சுரண்டாமல் இருக்க வேண்டும்.

சிலை போன இடத்தை ஊர்ப் பெரியவர்கள் நிரப்பினார்கள். பண்ணைக்காரக் குடும்பங்களுக்குச் செதுக்கிய உயர்ந்த இருக்கைகள், செத்தவர்களின் குலச்சின்னம் வரைந்த மரப்பலகைகள் சுவரில், தரையில் அவர்களின் கல்லறைப் பலகை. 1795-இல் பிரெஞ்சுப் படையின் ஆதரவோடு புதிய ஆட்சி வந்து எல்லாரும் சமம் என்றதும், குலச்சின்னங்களைக் கழற்றவும் கல்லில் இருந்தவற்றைக் கொத்திவிடவும் உத்தரவு வந்தது. அக்காவிடம் தரைக் கற்களைப் பார்க்கச் சொல்லுங்கள், எழுத்து ஒழுங்காக இருந்து நடுவில் கேடயம் இருக்க வேண்டிய இடம் மட்டும் உளி அடித்துச் சொரசொரவென்று இருந்தால் அது அந்தக் காலத்து வேலை. அதே 1795-இல்தான் திருகோணமலையில் ஒல்லாந்தர் கோட்டையை ஆங்கிலேயரிடம் விட்டார்கள், ஐரோப்பாவில் நடந்த அந்த மாற்றத்தின் தொடர்ச்சிதான் இதுவும். தேவாலயத்துக்குள் அடக்கம் செய்வது 1829-இலிருந்து அங்கே முற்றாக நின்றது. 1798-இல் கோபுரங்கள் சபையிடமிருந்து ஊராட்சிக்குப் போயின, மணியும் மணிக்கூடும் ஊர் முழுவதுக்கும் பொது என்ற நியாயத்தில்.

மேற்குப் பக்கம் ஓர்கன் இருந்தால் யார் செய்தது என்றும் விசாரியுங்கள். ஆர்ப் ஷ்னிட்கர் என்ற பெரிய ஓர்கன் தச்சர் இந்த மாகாணத்துக் கிராமங்களுக்கு வேலை செய்திருக்கிறார், நோர்ட்புரூக்கிலும் ஒய்ட்ஹைசனிலும் அவர் செய்தவை இன்றும் ஒலிக்கின்றன. சின்ன ஊர்கள் அவ்வளவு செலவழித்தது அந்தக் களிமண் வயல்கள் தந்த பணத்தால்.

இப்போது எங்கள் பக்கம். ஒல்லாந்துக் கிராமங்களுக்குப் புதுத் தேவாலயம் கட்டும் தேவை பெரிதாக வரவில்லை, கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. புதுக் குடியிருப்பு உண்டான இடத்தில்தான் தங்கள் வழிபாட்டுக்கு என்றே யோசித்துக் கட்ட முடிந்தது. 1597 முதல் 1607 வரை வில்லெம்ஸ்டாட் என்ற ஊரில் எண்கோணத்தில் ஒன்று கட்டினார்கள், அந்த நாட்டில் புரட்டஸ்தாந்து வழிபாட்டுக்கென்றே எழுந்த முதல் தேவாலயம் அது. குடியரசின் படைத் தலைவராக இருந்த இளவரசர் மௌரிட்ஸ் வட்டமாகவோ எண்கோணமாகவோ கட்டினால் பணம் தருகிறேன் என்றார். அம்ஸ்டர்டாமில் 1620-இல் தொடங்கிய நோர்டர்கேர்க் நான்கு கையும் சமமான சிலுவை வடிவம். எல்லாரும் மேடையைச் சுற்றி இருந்து கேட்க வேண்டும் என்ற அதே யோசனை. இங்கே வந்த ஒல்லாந்தர் போர்த்துக்கீசரின் தேவாலயங்களையும் எடுத்துப் பாவித்தார்கள், ஆனால் தாங்களாகப் புதிதாகக் கட்டியபோது இந்த மாதிரி வரைபடத்தைத்தான் எடுத்தார்கள். 1706-இல் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் கட்டியது சிலுவை வடிவம். கொழும்பு வூல்வெண்டால், 1749-இல் தொடங்கி 1757-இல் திறந்தது, அதுவும் சிலுவை வடிவம், நடுவில் உயர்ந்த கூரை. காலி 1755. அக்காவின் ஊர்க்காரர் கத்தோலிக்க முன்னோரின் கட்டடத்துக்குள் வாங்கைத் திருப்பிப் போட்டுச் சமாளித்தார்கள், அந்தச் சபை மனதில் வைத்திருந்த தேவாலயம் எப்படி என்று பார்க்க அவர்களைவிடக் கொழும்புக்காரருக்குத்தான் வசதி. ஆனால் காலியில் தரையையும் சுவரையும் பாருங்கள், அதே கல்லறைப் பலகை, அதே குலச்சின்னப் பலகை. 1795-இன் உளி இங்கே வரவில்லை, அதனால் அங்கே கொத்திய அளவுக்கு இங்கே கொத்துப்படவில்லை.

யாழ்ப்பாணத்துத் தேவாலயம் போரில் இடிந்து கற்குவியலாய்ப் போனது. அந்த வடிவத்தின் நல்ல உதாரணம் ஒன்று எங்கள் கையில் இருந்து போனது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.


வடகடல் (நெதர்லாந்து):

அருமையான பதில் தம்பி. வெடிப்பைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது அதற்குத் தனியாக எழுத வேண்டும் என்பதால்.

இந்த மாகாணத்தின் அடியில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் ஆழத்தில் பெரிய எரிவாயுப் படுக்கை இருக்கிறது, 1959-இல் கண்டுபிடித்து 1963-இலிருந்து எடுத்தார்கள். வாயு போகப் போக அந்த மணற்கல் நெருங்கி, பழைய பிளவுகள் அசைந்து, நிலம் குலுங்கத் தொடங்கியது. 2012 ஆகஸ்ட் 16-இல் ஹைஸிங்க கிராமத்தில் 3.6 அளவு நிலநடுக்கம் வந்தது. கேட்கச் சின்ன எண்தான், ஆனால் ஆழம் குறைவு, மேலே மெத்தென்ற களிமண், அதன்மேல் கட்டடம். ஹைஸிங்கவிலேயே ஒரு 13-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இருக்கிறது. எண்ணூறு வருடமாகக் காற்றையும் வெள்ளத்தையும் தாங்கிய வளைகூரைகளில் இந்தத் தலைமுறையில் புதிய வெடிப்புகள் வந்தன, ஆயிரக்கணக்கான வீடுகளுக்கும் அதே கதி. மக்கள் வருடக்கணக்காகப் போராடி, 2023 ஒக்டோபர் 1-இல் வாயு எடுப்பதை நிறுத்தினார்கள், 2024-இல் அது சட்டமானது. நிலம் இன்னும் சில காலம் அசையும் என்பதால் வெடிப்பு விரிகிறதா என்று பார்க்க அந்த அளவுத் தகடுகளை ஒட்டியிருக்கிறார்கள். அக்காவின் படத்தில் இருப்பது அதுதான்.

இந்தத் தேவாலயங்களில் பலவற்றைச் சபைகளால் தாங்க முடியாமல் போனபோது எடுத்துப் பராமரிக்கவென்று 1969-இல் தொடங்கிய ஒரு அறக்கட்டளை இங்கே இருக்கிறது, பழைய குரோனிங்கன் தேவாலயங்களுக்கான அறக்கட்டளை என்று விசாரித்தால் காட்டுவார்கள். ஊர்த் தேவாலயம் அவர்களிடம் இருந்தால் கட்டட வரலாற்றுக் குறிப்பு கட்டாயம் வைத்திருப்பார்கள், மறைந்திருக்கும் அந்த இரண்டு இலக்கங்களையும் அதில் பார்த்துக்கொள்ளலாம்.


பழைய ஓவசியர் (மட்டிக்களி):

வெடிப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஊரில் யாராவது உதவி செய்கிறேன் என்று சீமெந்தைக் குழைத்துக்கொண்டு வந்தால் அக்காவும் அத்தானும் மறித்து நிற்கட்டும். சுண்ணாம்புச் சுவர் கொஞ்சம் அசையும், ஈரத்தைச் சாந்து வழியாக வெளியே விடும். சீமெந்து கல்லைவிட இறுக்கமானது, அசையாது, ஈரத்தையும் விடாது. ஈரம் போக வழியில்லாமல் செங்கலுக்குள் நின்று, அங்கே குளிரில் உறைந்து, செங்கலின் முகத்தையே பாளம் பாளமாகத் தள்ளிவிடும். இங்கே உறைபனி இல்லை, உப்பு அந்த வேலையைச் செய்கிறது. நான் வேலை செய்த காலத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்துக்கு இப்படிச் சீமெந்து பூச உத்தரவு போட்டார்கள், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தும் கேட்கவில்லை, சில மாரி போக முதல் பூச்சும் கல்லும் சேர்ந்தே விழுந்தன. சுண்ணாம்பு வெடித்தால் சுண்ணாம்பாலேயே அடைக்க வேண்டும். அதற்கு ஆள் கிடைக்க ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை, அந்தச் சுவர் அதுவரை நிற்கும்.